எடை ஏறியது, தொடை இளைத்தது

கை எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு இருக்கும் நண்பன் நேற்று போனில் கேட்டான்: "உனக்குக் கால் உடைஞ்சப்ப கிரியேட்டின் எடுத்தியே, சதை கரையாம தடுத்துச்சா? நானும் வாங்கட்டுமா?" கிரியேட்டின் என்பது ஜிம் போகிறவர்கள் தசைக்காகத் தண்ணீரில் கலந்து குடிக்கும் பவுடர். அவனுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. பத்து மாதமாக எடுத்து வருகிறேன், எழுதியே விடுகிறேன்.

எனக்குக் கணுக்கால் முறிவு. முழங்காலுக்குக் கீழே கட்டு, ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது. மூன்றாம் நாளே டப்பா வாங்கிவிட்டேன். முதல் ஐந்து நாள் தினம் 20 கிராம், நாலு வேளையாகப் பிரித்து. அப்புறம் தினம் 5 கிராம். பச்சைத் தண்ணீரில் சரியாகக் கரையாது, டம்ளர் அடியில் மணல் போலத் தங்கும். வெதுவெதுப்பான நீரில் கலக்கினால் அந்தத் தொல்லை இல்லை.

என்னை இன்றுவரை உறுத்துவது வேறு. முதல் வாரத்திலேயே எடை ஒன்றரைக் கிலோ ஏறியது. சதை நிற்கிறது என்று மனதார நம்பினேன். வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனால் மூன்றாம் வாரம் கட்டுக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. ஐந்தாம் வாரம் இரண்டு விரல், தாராளமாக. கட்டைப் பிரித்த அன்று முழங்கால் சில்லுக்கு 15 செ.மீ. மேலே டேப் வைத்து அளந்தோம்: நல்ல கால் 52 செ.மீ., உடைந்த கால் 48. தொட்டால் தொளதொளவென்று இருந்தது. வேறு யாருடைய காலையோ தொடுவது போல இருந்தது.

ஏறிய எடை பெரும்பாலும் தண்ணீர். கிரியேட்டின் தசை செல்லுக்குள் போகும்போது நீரையும் கூட இழுத்துக்கொள்ளும். டப்பா மேல் "தசையைக் காக்கும்" என்று பெரிதாகப் போட்டவர்கள் இதை ஒரு வரி போட்டிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். 2001-ல் பெல்ஜியத்தில் ஓர் ஆய்வு: இரண்டு வாரம் காலில் கட்டு, அதன்பின் பத்து வாரப் பயிற்சி. கட்டு இருந்தபோது கிரியேட்டின் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் தொடைத் தசையின் பரப்பு ஒரே அளவு, சுமார் 10 சதவீதம், குறைந்தது. பயிற்சி தொடங்கிய பிறகுதான் கிரியேட்டின் எடுத்தவர்கள் வேகமாகத் தேறினார்கள். 2017-ல் நெதர்லாந்தில் ஒரு வாரம் காலில் கட்டுப் போட்டுப் பார்த்தபோதும் இழப்பு குறையவில்லை. எனக்கு நடந்ததும் இதுவேதான். வேலை செய்யும் தசைக்கு சக்தியைச் சட்டென்று நிரப்பித் தருவதுதான் கிரியேட்டின் செய்யும் வேலை. அசையாமல் கிடக்கும் தசை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

பிசியோதெரபி தொடங்கியதும் கதை மாறியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழும் பயிற்சி: முதல் வாரம் ஒரு தடவைகூட முடியவில்லை, ஆறாம் வாரம் எட்டு. மூன்று மாதத்தில் டேப் 51 காட்டியது. அதில் பவுடரின் பங்கு எவ்வளவு, தினமும் என்னைப் படுத்தி எடுத்த பிசியோதெரபிஸ்ட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. முக்கால் பங்கு அவருக்குத்தான் கொடுப்பேன்.

நடுவில் ஒரு ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (creatinine, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க உதவும் அளவு) கூடுதலாக வந்து இரண்டு நாள் தூக்கம் போனது. கிரியேட்டின் உடைந்தால் வருவதுதான் கிரியேட்டினின். பவுடர் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அது கொஞ்சம் ஏறலாம். ரத்தம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் அவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

உன்னுடையது கை என்பதால் இன்னொன்று: 2009-ல் மேல் கைக்குக் கட்டுப் போட்ட ஆய்வில் கிரியேட்டின் இழப்பைக் குறைத்தது. ஆனால் அதில் இருந்தது ஏழே இளைஞர்கள். அதை நம்பிக் காசைப் போடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, வாங்காதே. கட்டுக்குள் இருக்கும் சதையை இது காப்பாற்றும் என்று நினைத்து வாங்கவே வாங்காதே. கட்டுப் பிரிக்கும் தேதி தெரிந்ததும் எனக்குச் சொல். அதற்கு நாலு வாரம் முன்பிருந்து தினம் 3 கிராம் எடுத்தாலே தசையில் கிரியேட்டின் நிரம்பிவிடும், அந்த 20 கிராம் எல்லாம் தேவையில்லை. பிரிக்காத டப்பா ஒன்று என்னிடம் இருக்கிறது, கொண்டு வந்து தருகிறேன்.