முதுகில் அணியும் ஜிபிஎஸ் கருவி: ரக்பி அணிக்கு எந்த அளவுக்கு உதவும்?

ரக்பி வீரர்கள் ஜெர்சிக்கு அடியில் அணியும் இறுக்கமான உள்சட்டையில், தோள்பட்டைகளுக்கு நடுவே பொருத்தப்படும் இந்த ஜிபிஎஸ் கருவி, ஓடிய தூரம், உச்ச வேகம், திடீர் வேக மாற்றங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்து கைப்பேசிச் செயலியில் காட்டுகிறது. களத்தின் ஓரங்களில் வேகமாக ஓடும் விங் ஆட்டக்காரர்களுக்கு இது மிகவும் பயனுள்ளது. ஒருவருடைய வேகம் வாரத்துக்கு வாரம் குறைந்து வருவதைப் பயிற்சியாளரின் கண் பிடிப்பதற்கு முன்பே எண்கள் சொல்லிவிடக்கூடும்.

முன்வரிசையில் நின்று தள்ளும் ப்ராப் ஆட்டக்காரர்கள் விஷயத்தில்தான் சிக்கல். ஸ்க்ரமில், அதாவது இரு அணிகளும் கோர்த்து நின்று பந்துக்காக மோதும் கட்டத்தில், அணிக்கு எட்டுப் பேர் முழு பலத்துடன் தள்ளும்போது எவரும் அதிகம் நகர்வதில்லை என்பதால், ஆட்டத்தின் மிகக் கடுமையான உழைப்பு தூரக் கணக்கில் ஏறக்குறைய பூஜ்யமாகவே நிற்கிறது. அந்த உழைப்பின் கனம் தெரிந்த தென்னாப்பிரிக்கா, 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 8 மாற்று வீரர்களில் 7 பேரை ஃபார்வர்டுகளாகவே, அதாவது ஸ்க்ரமில் தள்ளுபவர்களாகவே, வைத்துக்கொண்டது. ஸ்க்ரமுக்குப் பின்னால் நின்று ஓடி ஆடும் பின்களத்துக்கு வில்லி லெ ரூ ஒருவர் மட்டுமே. (பின்களத்தில் இருவருக்கு அடிபட்டிருந்தால் என்ன செய்திருப்பார்களோ!) ஸ்க்ரம் முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கர் போங்கி எம்போனாம்பி தொடக்கத்திலேயே காயத்துடன் வெளியேற, 37 வயது டியோன் ஃபூரி ஏறத்தாழ முழு ஆட்டத்தையும் தாங்க நேர்ந்தது, நியூசிலாந்தை 12-11 என வென்றார்கள்.

ஆகவே, பணம் குறைவான கழகங்கள் முதலில் பின்கள வீரர்களுக்கு மட்டும் இக்கருவியை வாங்கலாம். ஃபார்வர்டுகளுக்கு, ஸ்க்ரம்களையும், எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிள்களையும் காணொளி பார்த்துக் கையால் எண்ணிக் குறிப்பதே இப்போதைக்கு நம்பகமானது.