30-30 தோட்டா வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

"அமெரிக்கச் சரக்கு, பிரிக்காத பெட்டி, 170 கிரெயின்" (கிரெயின் என்பது தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டின் எடையளவு) என்று சொல்லி எவராவது 30-30 என்ற ரைபிள் ரகத் தோட்டா விற்க வந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு தோட்டாவையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உரிமம் பெற்ற கடை, கையெழுத்திட்ட பில், உரிமப் புத்தகத்தில் பதிவு என எல்லாம் முறைப்படி நடந்தும் ஒரு பெட்டிக் கலப்படத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கடை அல்ல, வெளியூர்க் கடை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்குள்ளவர்கள் மீது வீண் சந்தேகம் விழ வேண்டாம்.

எங்கள் வீடு தேன்கனிக்கோட்டைப் பக்கம். ரைபிள் தாத்தா காலத்து வின்செஸ்டர் 1894 மாடல். குழலின் மேல் "30 டபிள்யூ.சி.எஃப்." என்று பொறித்திருக்கும், 30-30 என்பதற்கு அதுதான் பழைய பெயர். தாத்தாவுக்கு உரிமம் கொடுத்தவர் சேலம் கலெக்டர். 1965-க்குப் பிறகு புதுப்பித்ததெல்லாம் தருமபுரியில். 2004-க்குப் பிறகு கிருஷ்ணகிரி முத்திரை. துப்பாக்கி இருந்த பரண் மட்டும் மாறவே இல்லை. வேட்டை என்ற பேச்சு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு எங்கள் வீட்டில் முடிந்தது. ராகிக் காட்டில் பன்றி புகுந்து உழுதுவிட்டுப் போனாலும் விவசாயி சுட முடியாது. வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். உரிமம் தற்காப்புக்கு, நான் சுடுவது ரைபிள் கிளப்பில் பயிற்சிக்கு. பிறகு எதற்கு இந்தப் பழைய இரும்பு என்று கேட்பவர்கள் என் அம்மாவிடம் வந்து கேட்கட்டும், விற்க விடாதவர் அவர்தான்.

ஏமாற்றுக்கு வழி திறப்பது பஞ்சம். நம் நாட்டு அரசுத் தொழிற்சாலைகள் .315, .30-06 ரகத் தோட்டாக்களைச் செய்கின்றன, 30-30 செய்வதில்லை. எப்போதோ இறக்குமதியாகிக் கடைகளில் தங்கிய பெட்டிகள்தான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கிடைத்தால் போதும் என்று வருகிறவன் பேரம் பேச மாட்டான், பெட்டியையும் பிரிக்க மாட்டான் என்பது விற்பவருக்குத் தெரியும்.

கடைக்காரர் பேச்சில் தேன் ஒழுகியது. "150 எல்லாம் எடை போதாது ஐயா, பழைய துப்பாக்கிக்கு எடை கூடக் கூட நல்லது. உங்களுக்காகவே 170 எடுத்து வைத்திருக்கிறேன்" என்றார். குழாய் மேகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் குழாய்) உள்ளதா, குறிபார்க்கும் குறிமுள் எந்த எடைக்குச் சரிசெய்யப்பட்டது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பில்லில் "30-30, 20 எண்ணம்" என்று மட்டும் எழுதினார். தயாரிப்பாளர் பெயரையும் குண்டின் எடையையும் எழுதச் சொன்னதற்கு, "அதெல்லாம் பெட்டி மேலேயே இருக்கிறதே" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கொட்டிப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. பெட்டியின் ஓரத்தில் பழைய லேபிளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் 170 என்று அச்சடித்திருந்தார்கள். தோட்டாக்களின் அடியில் ஒரே முத்திரை இல்லை, சிலவற்றில் "டபிள்யூ.ஆர்.ஏ.", சிலவற்றில் "ஆர்-பி" என இரண்டு வேறு தயாரிப்பாளர்களின் முத்திரை. பாதிக் குண்டுகள் தட்டை முனை, மீதி ஊசி முனை. ஊசி முனைக் குண்டுகளின் செம்பு உறையில் இடுக்கி பிடித்த பல் தடம் அப்படியே தெரிந்தது. பித்தளைக் கூட்டின் கழுத்தில் நீளவாக்கில் கீறல்கள். தொழிற்சாலைத் தோட்டாவில் கூட்டின் வாயைக் குண்டைச் சுற்றி ஓடும் வரிப்பள்ளத்தில் இறுக்கி மடித்திருப்பார்கள். இவற்றில் அந்த மடிப்பே இல்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமா ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தோட்டாவை எடுத்து இரண்டு விரலால் குண்டைத் திருகினார். அது சுழன்று கையோடு வந்துவிட்டது, வெடிமருந்து மேசையில் சிந்தியது. "மாப்பிள்ளை, இதை எவன் கொடுத்தான்? 30-06 குண்டைப் பிடுங்கி இதில் சொருகியிருக்கிறான்" என்றார். இரண்டு ரகத்துக்கும் குண்டின் விட்டம் 0.308 அங்குலம் என்பதால் சொருகினால் உட்காரும். உட்காருவதும் பொருந்துவதும் ஒன்றா என்ன?

சித்தப்பா மகனின் அடகுக் கடையிலிருந்து தராசை வரவழைத்து, கழன்று வந்த குண்டை நிறுத்தோம். 11.66 கிராம். ஒரு கிரெயின் 0.0648 கிராம், கணக்குப் போட்டால் சரியாக 180 கிரெயின். 170 என்றால் 11.02 கிராம் இருக்க வேண்டும். முழுத் தோட்டாக்களை நிறுத்தபோது தட்டை முனைக் கூட்டம் வேறு, ஊசி முனைக் கூட்டம் வேறு என்று ஏறத்தாழ இரண்டு கிராம் இடைவெளியில் பிரிந்து நின்றன. தட்டை முனையெல்லாம் 150 கிரெயின்தான் என்று மாமா சொன்னார்; வித்தியாசமும் அதற்கு ஒத்துப்போனது. ஆக, 170 என்று விற்ற பெட்டியில் 170 ஒன்றுகூட இல்லை. ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் வேலை செய்யும் மைத்துனன் வெர்னியர் வைத்து அளந்தான். 30-30 தோட்டாவின் மொத்த நீளம் 2.55 அங்குலத்தை, அதாவது 64.8 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஊசி முனைகளில் சில 67-ஐத் தொட்டன.

பணம் போனதைவிட எனக்குக் கொதிப்பு இந்த ஊசி முனையால்தான். 94 மாடலில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள குழாயில் ரயில் பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் இருக்கும் தோட்டாவின் முனை, முன்னால் இருப்பதன் அடியில் உள்ள கேப்பின் (அடிபட்டால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் மூடியின்) மேல் முட்டிக்கொண்டிருக்கும். சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். அந்த அதிர்ச்சியில் கூர்முனை கேப்பைக் குத்தினால் மேகசினுக்குள்ளேயே வெடிக்கும். குழாயை இடது கை பிடித்திருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் 30-30-க்குத் தட்டை முனை, உருண்டை முனைக் குண்டுகளே வழக்கம். ஹார்னடி நிறுவனம் ரப்பர் போன்ற மென்முனை வைத்துக் கூர்மையான குண்டுகள் செய்கிறது, அவை இதற்கென்றே உருவானவை. வின்செஸ்டர் 1895 மாடலுக்கு மேகசின் பெட்டி வடிவம், அதில் இந்த ஆபத்து இல்லை. "லீவர் ரைபிள்தானே (கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரகம்), எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லும் கடைக்காரரிடம் தோட்டா வாங்காதீர்கள்.

அழுத்தமும் இருக்கிறது. 30-30-க்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு; 30-06-க்கு 60,000. எந்த மருந்தை எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாத கூட்டில், கனமான குண்டை ஆழமாகச் சொருகினால் மருந்துக்கு உள்ள இடம் குறைந்து அழுத்தம் ஏறும். தாத்தா காலத்து இரும்பு அதைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கில்லை.

எடை கூடினால் நல்லது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 1895-இல் இந்த ரகம் வெளிவந்தபோது குண்டு 160 கிரெயின். பிறகு நிலைத்தவை 150-உம் 170-உம். 150 வினாடிக்கு ஏறத்தாழ 2,390 அடி வேகத்திலும் 170 ஏறத்தாழ 2,200 அடி வேகத்திலும் போகும் என்று தொழிற்சாலைகள் அறிவிக்கின்றன. இரண்டுமே இந்தத் துப்பாக்கிக்கு உகந்தவை. கவனிக்க வேண்டியது, உங்கள் குறிமுள் எந்த எடைக்குப் பழகியிருக்கிறது என்பதைத்தான். எடை மாறினால் குண்டு விழும் இடம் மாறும். ஒன்றைப் பிடித்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியில் இரண்டு எடை கலந்து கிடந்தால் எவ்வளவு பழகிய கையும் இலக்கைச் சுற்றித்தான் சுடும்.

கடைக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். முதலில் "அப்படியா, பார்க்கிறேன்" என்றார். படங்களை அனுப்பியதும் குரல் மாறியது. "விற்ற தோட்டாவைத் திரும்ப வாங்கச் சட்டம் இல்லை ஐயா. பெட்டியை நீங்கள் பிரித்துவிட்டீர்கள், உள்ளே நீங்களே மாற்றி வைத்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதாவது திருடன் நான்! பிறகு ஒரு தரகர் அழைத்துப் பாதிப் பணம் தருவதாகவும், தோட்டாக்களைச் சத்தமில்லாமல் ஏரியில் போட்டுவிடும்படியும் சொன்னார். உரிமப் புத்தகத்தில் என் பெயரில் ஏறிய தோட்டாக்களுக்கு நாளை யார் கணக்குக் காட்டுவது? உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி குற்றம். அந்தக் குற்றத்தின் சாட்சியம் முழுவதும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அதை அழிக்கச் சொல்கிறார்கள்.

பெட்டியோடு தோட்டாக்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எண்ணிக்கையும் அடிமுத்திரைகளும் குறித்த ரசீது வாங்கினேன். அதன் நகலோடு உரிமம் வழங்கும் அதிகாரி என்ற முறையில் கலெக்டருக்கு மனு கொடுத்திருக்கிறேன். பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனிப் புகார். அங்கே பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பது விதி, தள்ளிப்போடாதீர்கள். பில்லில் தயாரிப்பாளர், ரகம், குண்டின் எடை, முனை வகை நான்கையும் எழுத மறுக்கும் கடையை விட்டு அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

அண்மையில் 30-30 வாங்கியவர்கள் பெட்டியின் ஓரத்தில் பழைய லேபிளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் ஒன்றைக்கூடத் துப்பாக்கியில் ஏற்ற வேண்டாம், குண்டைத் திருகியும் பார்க்க வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு அப்படியே காவல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். போகும்போது உரிமப் புத்தகமும் பில்லும் கையோடு இருக்கட்டும்; அவை இல்லாமல் தோட்டாவோடு பஸ் ஏறினால் வழியிலேயே நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.