ஓப்பன்பாக்ஸோட 12 வருஷம்: மெய்ப்பு பாக்குற மேசையிலிருந்து

மொதல்ல என் வேலை என்னன்னு சொல்லிடுறேன், அப்பதான் நான் எதைப் பெருசா எடுத்துக்குறேன்னு புரியும். நான் புத்தகங்களுக்கு மெய்ப்பு பாக்குறவன். இடது பக்கம் லிப்ரே ஆபீஸ்ல ஆசிரியர் குடுத்த மூலம், வலது பக்கம் லேஅவுட் முடிஞ்சு வந்த பிடிஎஃப், காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் இந்த ரெண்டு விண்டோதான், நடுவுல அகராதி பாக்க ஒரு பிரவுசர். ஃபைல் பேரெல்லாம் தமிழ்லதான் வைப்பேன். இதுக்கு லினக்ஸ்ல ஓப்பன்பாக்ஸ்ங்கிற விண்டோ மேனேஜரை 2013லேர்ந்து ஓட்டிட்டு இருக்கேன்.

ஆரம்பிச்சது ஓப்பன்பாக்ஸோடயே வந்த கிரஞ்ச்பேங் லினக்ஸ்ல. அப்ப என்கிட்ட இருந்தது 2 ஜிபி ராம், கோர் 2 டுவோ லேப்டாப். அதுல பெரிய டெஸ்க்டாப் எதைப் போட்டாலும் பிரவுசரும் பிடிஎஃப்பும் சேந்து தொறந்தா ஹார்ட் டிஸ்க் கரகரன்னு ஓட ஆரம்பிச்சிடும், ஒரு பக்கம் புரட்ட ரெண்டு செகண்டு ஆகும், 300 பக்கம் புரட்டுறவனுக்கு அது என்ன கொடுமைன்னு யோசிச்சுப் பாருங்க. கிரஞ்ச்பேங் போட்டு பூட் பண்ணப்ப கருப்பு ஸ்கிரீன், ஓரத்துல காங்கின்னு ஒரு சின்ன புரோகிராம் ஷார்ட்கட் கீ லிஸ்டைக் காட்டிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். விண்டோஸ் கீயும் டியும் அமுத்தினா டெர்மினல், எஃப்னா ஃபைல் மேனேஜர், டபிள்யூன்னா பிரவுசர், ஸ்பேஸ் அமுத்தினா மெனு. ஒண்ணுமே தொறக்காம இருக்கும்போது 150 எம்பி சுத்தி ராம் எடுத்துட்டு இருந்துச்சு. மிச்சம் எல்லாம் என் வேலைக்கு.

விண்டோ மேனேஜர்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: லினக்ஸ்ல எக்ஸ்ங்கிறது ஸ்கிரீனையும் கீபோர்டு, மவுஸையும் பாத்துக்கும், விண்டோவுக்கு மேல இருக்குற டைட்டில் பட்டை, அதை நகத்துறது, பெருசாக்குறது, எது மேல எது அடியிலங்கிறதெல்லாம் விண்டோ மேனேஜர் வேலை. க்னோம், கேடிஇ மாதிரி முழு டெஸ்க்டாப்ல அது மத்ததோட சேந்தே வரும். ஓப்பன்பாக்ஸ் அதை மட்டும் தனியா செய்யும். டாஸ்க்பார், வால்பேப்பர், வால்யூம் ஐகான் எதுவும் அதோட வராது, வேணும்னா நீங்களே ஒண்ணொண்ணா சேக்கணும்.

கிரஞ்ச்பேங் 2015 பிப்ரவரில நின்னு போச்சு. அதை உருவாக்கினவரே இனி தொடரலன்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு நெஜமாவே கவலையா இருந்துச்சு, வேலை பாதில இருக்கு, வேற எதுக்காவது பழகணுமான்னு. ஆனா ஓப்பன்பாக்ஸ் செட்டிங்ஸ் எல்லாமே ஹோம் ஃபோல்டருக்குள்ள கான்ஃபிக்ல ஒரு சின்ன ஃபோல்டர்ல நாலு ஃபைலா இருக்கு: ஆர்சி.எக்ஸ்எம்எல், மெனு.எக்ஸ்எம்எல், ஆட்டோஸ்டார்ட், என்விரான்மென்ட். சும்மா டெபியன்ங்கிற லினக்ஸைப் போட்டு, ஓப்பன்பாக்ஸ் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணி, இந்த நாலையும் பென்டிரைவ்லேர்ந்து காப்பி பண்ணேன், மறுநாள் காலைல அதே கீ, அதே மெனு. அதுக்கப்புறம் ரெண்டு லேப்டாப் மாறிட்டேன், டெபியன்ல அஞ்சாறு பதிப்பு மாறிடுச்சு, அந்த ஃபைல்கள் மட்டும் மாறல. ஓப்பன்பாக்ஸோட கடைசி வெளியீடு 3.6.1, வந்தது 2015 ஜூலைல, இன்னும் டெபியன்ல அதுதான் இருக்கு. பத்து வருஷமா புதுசா வரலன்னா செத்துப்போன சாஃப்ட்வேர்னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல, ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் பட்டன் இடம் மாறியிருக்கான்னு தேடுற நிலைமை எனக்கு ஒருநாளும் வரல, என் வேலைல அதோட மதிப்பு ரொம்பப் பெருசு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், தமிழ். நடுவுல மத்ததையும் பாத்துடலாம்னு 2017ல மூணு மாசம் டிடபிள்யூஎம்ங்கிற இன்னொரு விண்டோ மேனேஜரை ஓட்டினேன். ரொம்பச் சின்ன புரோகிராம், ரெண்டாயிரம் வரிக்குள்ள முடிச்சுடணும்ங்கிறது அதை எழுதினவங்க கொள்கை, செட்டிங் மாத்தணும்னா கான்ஃபிக்.ஹெச் ஃபைலைத் திருத்தி மறுபடி கம்பைல் பண்ணணும். அதெல்லாம் பழகிடலாம். ஆனா மேல பட்டைல விண்டோ பேரு வரும் பாருங்க, அதுல "மெய்ப்பு 3"ன்னு வெச்ச ஃபைல் பேர்ல கொம்பு மகரத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்குது, பு எழுத்து பகரமா ஒண்ணு, உகரக் குறி தனியா ஒண்ணுன்னு பிரிஞ்சு கிடக்குது. என் ஃபான்ட் சரியில்லையோன்னு ஒரு வாரம் நாலஞ்சு ஃபான்டை மாத்தி மாத்திப் பாத்தேன். காரணம் ஃபான்ட் இல்ல. டிடபிள்யூஎம் எழுத்தை எக்ஸ்எஃப்டின்னு ஒரு லைப்ரரி வழியா வரையுது, அது ஒவ்வொரு குறியீட்டையும் வந்த வரிசைலயே எடுத்து வெச்சிடும், தமிழ்ல கொம்பு முன்னாடி போகணும், உகரம் சேந்து வேற வடிவம் ஆகணும்ங்கிற வேலை அதுக்குத் தெரியாது. ஓப்பன்பாக்ஸ் அந்த வேலைக்கு பாங்கோங்கிற வேற லைப்ரரியைப் பயன்படுத்துது, அதனால டைட்டில்ல, மெனுல எங்கேயும் தமிழ் ஒழுங்கா வருது. நான் டாஸ்க்பாருக்கு வெச்சிருக்க டின்ட்2வும் பாங்கோதான். ஐ3ங்கிற விண்டோ மேனேஜரும் பாங்கோவை ஆதரிக்குது, அதுல தமிழ் நல்லாவே வந்துச்சு, ஆனா விண்டோக்களைத் தானா அடுக்குற முறை எனக்கு ஒட்டல, ஒரு சின்ன அகராதி விண்டோ தொறந்தாலும் மத்த ரெண்டும் நகர்ந்து சுருங்கும், நான் படிச்சுட்டு இருந்த வரி கண்ணை விட்டுப் போயிடும். நாள் முழுக்க எழுத்தைத் திருத்துற ஒருத்தனுக்கு ஸ்கிரீன்லயே எழுத்து ஒடைஞ்சு தெரியுறது சகிக்காதுங்க. லேசான விண்டோ மேனேஜர் தேடுற தமிழ்க்காரங்க ராம் எவ்ளோ எடுக்குதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி ஒரு ஃபைலுக்கு "கொக்கு"ன்னு பேர் வெச்சு தொறந்து டைட்டிலைப் பாருங்க.

டைப் பண்றது அடுத்தது. நான் தமிழ்99 கீபோர்டு முறை. எக்ஸ்லயே தமிழ் லேஅவுட் இருக்கு, ஆனா தானா புள்ளி வைக்கிற வசதி வேணும்னா ஐபஸ்ங்கிற டைப்பிங் புரோகிராமும் அதுக்கு மொழிகளைக் குடுக்குற எம்17என்னும் வேணும். க்னோம்ல ஐபஸ் கூடவே வருது. ஓப்பன்பாக்ஸ்ல ஆட்டோஸ்டார்ட் ஃபைல்ல பின்னணில ஓடுற ஐபஸ் டீமனை நாமதான் கிளப்பணும், என்விரான்மென்ட் ஃபைல்ல, புரோகிராம்களோட பட்டன், மெனு எல்லாம் வரையுற ஜிடிகே, க்யூடி ரெண்டுக்கும் ஐபஸ்னு எழுதி, எக்ஸ்மாடிஃபையர்ஸ்னு ஒரு வரியும் சேக்கணும். டெபியனுக்கு வந்த புதுசுல எல்லாம் சரியா எழுதியும் மொழி மாறவே இல்ல, ரெண்டு நாள் கழிச்சுதான் புரிஞ்சுது, ஐபஸ் மொழி மாத்துறதுக்கு வெச்சிருக்கதும் விண்டோஸ் கீ ஸ்பேஸ், எனக்கு மெனு தொறக்குறதும் அதே கீ. ஓப்பன்பாக்ஸ் மொதல்லயே அதைப் பிடிச்சுக்குது. ஐபஸ்ஸுக்கு ஷிஃப்ட் ஸ்பேஸ் குடுத்தேன், இன்னைக்கு வரைக்கும் அதுதான்.

ரெண்டு விண்டோவைப் பாதி பாதியா ஒட்டுற வசதி ஓப்பன்பாக்ஸ்ல தயாரா கிடையாது. ஆர்சி ஃபைல்ல மூவ்ரிசைஸ்டூன்னு ஒரு ஆக்‌ஷன் இருக்கு, அகலம் 50 சதம் உயரம் 100 சதம்னு குடுத்து விண்டோஸ் கீயோட இடது அம்புக்கு ஒண்ணு, வலது அம்புக்கு ஒண்ணு கட்டிட்டேன். நான் இன்னும் கொஞ்சம் போய் இடது 45, வலது 55ன்னு வெச்சிருக்கேன், ஏன்னா பிடிஎஃப் பக்கம் பெருசா தெரியணும். ஆல்ட் கீயைப் பிடிச்சுக்கிட்டு விண்டோ மேல எங்க இழுத்தாலும் நகரும், வலது பட்டனால இழுத்தா அளவு மாறும், இது இல்லாத கம்ப்யூட்டர்ல உக்காந்தா கை தடுமாறுது. பிரவுசர் எப்பவும் ரெண்டாவது டெஸ்க்டாப்ல தொறக்குற மாதிரி விதி எழுதியிருக்கேன், விண்டோவோட கிளாஸ் பேரைக் கண்டுபிடிக்க ஓபிஎக்ஸ்பிராப்னு ஒரு கமாண்டு கூடவே வருது. எக்ஸ்எம்எல்ல ஒரு டேக் மூட மறந்தா எந்த ஃபைல்ல எந்த வரில பிழைன்னு சின்ன பெட்டில சொல்லிடும்.

கஷ்டப்பட்டதையும் சொல்லணும். இன்ஸ்டால் பண்ணப்ப இடத்தை மிச்சம் பிடிக்கலாம்னு ரெகமென்ட்ஸ், அதாவது கூட பரிந்துரைக்குற துணை பேக்கேஜ்கள், வேணாம்னு போட்டேன், அதுல பைத்தான் எக்ஸ்டிஜி பேக்கேஜ் விட்டுப்போச்சு, அது இல்லாம நெட்வொர்க் ஐகான் மாதிரி தானா கிளம்ப வேண்டியது எதுவும் கிளம்பல. இன்னொரு ஹார்ட் டிஸ்க் பார்ட்டிஷனைக் கிளிக் பண்ணா அனுமதி இல்லன்னு வரும், பாஸ்வேர்டு கேக்குற பெட்டியே வராது, அதுக்கு எல்எக்ஸ்போல்கிட்ங்கிற புரோகிராமை ஆட்டோஸ்டார்ட்ல போடணும். பிடிஎஃப்பை வேகமா நகத்தினா நடுவுல எழுத்து கிழிஞ்ச மாதிரி தெரிஞ்சுது, பிகாம்ங்கிற சின்ன புரோகிராமைப் போட்டப்புறம் நின்னுச்சு. லேப்டாப் மூடியை மூடினா அது தூங்கும், ஆனா தொறந்தா பாஸ்வேர்டு கேக்காது, ஒரு அச்சகத்துல லேப்டாப்பை மேசைல வெச்சுட்டு டீ குடிக்கப் போனப்பதான் உறைச்சுது, யாரு தொறந்தாலும் அடுத்தவரோட வெளிவராத புத்தகம் அப்படியே தெரியும்னு. அன்னைக்கு ராத்திரியே ஸ்கிரீனைப் பூட்ட வைக்கிற எக்ஸ்எஸ்எஸ்-லாக் போட்டேன். இதையெல்லாம் ஒருதடவை செஞ்சா போதும், ஆனா அந்த ஒரு தடவைக்கு ரெண்டு வாரக் கடைசி போகும், அவசர வேலை கைல இருக்கும்போது மாறாதீங்க.

இப்ப இருக்குற பெரிய கவலை, எக்ஸ்ஸுக்குப் பதிலா வர்ற வேலண்ட். ஓப்பன்பாக்ஸ் எக்ஸ்ஸுக்கு மட்டும்தான், வேலண்ட்ல ஓடவே ஓடாது. லேப்டபிள்யூசின்னு ஒண்ணு ஓப்பன்பாக்ஸ் வழியைப் பின்பற்றி எழுதுறாங்க, ராஸ்பெர்ரி பை ஓஎஸ்கூட 2024 அக்டோபர்ல அதுக்கு மாறிடுச்சு. போன பொங்கல் லீவுல புது லேப்டாப்ல போட்டுப் பாத்தேன். ஃபைல் பேருகூட அதேதான், என் பழைய ஆர்சி ஃபைலைக் காப்பி பண்ணி வெச்சேன், கீ பெரும்பாலும் வேலை செஞ்சுது, விண்டோவை ஓரத்துல ஒட்ட தனி ஆக்‌ஷனே இருக்கு. டைட்டில்ல தமிழ் சுத்தமா வந்துச்சு, அதைத்தான் மொதல்ல பாத்தேன். டின்ட்2 ஓடாது, அதுக்குப் பதில் வேபார். ஐபஸ்ஸை விட்டுட்டு ஃபிசிடிஎக்ஸ்5க்கு மாறினேன், தமிழ்99 வருது. விண்டோக்களை ஸ்கிரிப்ட் வழியா நகத்த வெச்சிருந்த டபிள்யூஎம்சிடிஆர்எல் வரிகள் மட்டும் லேப்டபிள்யூசில எனக்கு உதவல, அதுக்கு இன்னும் வழி தேடிட்டு இருக்கேன். அதுவரைக்கும் புது லேப்டாப்ல மெயிலும் அகராதியும், மெய்ப்பு பழைய மெஷின்ல ஓப்பன்பாக்ஸ்ல.