தகராறு வாரியம்: கொடுக்கும் கட்டணத்துக்குத் தகுமா?

கட்டுமான வேலையில் வரும் தகராறுகளைத் தீர்க்க அரசும் ஒப்பந்ததாரரும் சேர்ந்து அமர்த்தி, கட்டணத்தைப் பாதிக்குப் பாதி ஏற்கும் சேவை இது. ஃபிடிக் (பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு) 2017 ஒப்பந்தப் படிவப்படி ஒருவர் அல்லது மூவர் கொண்ட வாரியம் வேலையின் தொடக்கத்திலேயே அமைய வேண்டும். தளத்துக்கு அவ்வப்போது வந்து பார்ப்பதுதான் இதன் பெரிய பலன்: அஸ்திவாரக் குழியில் எதிர்பாராத பாறை வந்தால், கான்கிரீட் மூடுமுன்பே நடுநிலையாளர் கண்ணில் பட வாய்ப்புண்டு. கட்டணத்தை மிச்சம்பிடிக்க, சண்டை வந்தபின் அமர்த்தினால் அது இன்னொரு கோர்ட்.

பலர் சறுக்குவது காலக்கெடுவில். கூடுதல் பணமோ காலமோ கேட்கக் காரணம் தெரிந்த 28 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு. 84 நாளுக்குள் அளவுப் பதிவு, ஆள், இயந்திரக் கணக்கு, திருத்திய அட்டவணையோடு முழுக் கோரிக்கை. என்ஜினியரிடம் வாயால் சொன்னது செல்லாது.

வாரியத்திடம் போனால் 84 நாளில் முடிவு. 28 நாளுக்குள் எதிர்ப்பு அறிவிக்காவிட்டால் அதுவே இறுதி. அறிவித்தாலும் முடிவை உடனே நிறைவேற்றியாக வேண்டும். ஆனால் தணிக்கைக்குப் பயந்து கையெழுத்துப் போடாத அதிகாரி இருந்தால் இந்த விதி காகிதத்தோடு சரி. வாரிய முடிவுப்படி பணம் தர யாருக்கு அதிகாரம் என்பதைத் துறை முன்கூட்டியே உத்தரவாக எழுதிவைத்தால், தயங்காமல் எடுக்கலாம். சிறு வேலைக்கு ஒரே உறுப்பினர் போதும்.