ரப்பர் ஒட்டக் கொடுத்த டயர் திரும்பி வந்தது, ஆனால் அது என் டயர் இல்லை

போன மே மாதம் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு என் லாரி டிரைவரிடமிருந்து போன். கர்நூல் தாண்டி ஜட்சர்லா போகும் வழியில் பின் டயர் வெடித்துவிட்டது. "உள் டயருங்கண்ணா. மட்கார்டு போச்சு, ஏர் ஓஸ் அறுந்துருச்சு, பிரேக் பிடிச்சுக்கிட்டு வண்டி அசைய மாட்டேங்குது" என்றார். பிரேக் குழாயில் காற்று போனால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், அது அதன் வேலை. நல்லவேளை, பின்னால் வந்தவன் தள்ளி வந்திருக்கிறான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

லோடு சேலத்து ஜவ்வரிசி, நாக்பூருக்கு. நாமக்கல்லில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? ஸ்டெப்னி மாற்ற ஆள் பிடி, மெக்கானிக்குக்குச் சொல்லு, பணம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்று மட்டும் கேட்டேன்: "வெடிச்ச டயரை போட்டோ எடுத்து அனுப்பு, தூக்கிப் போட்டுறாதே."

டயர் வெடிப்பது இந்தத் தொழிலில் புதிதில்லை. ஆனால் அந்த டயருக்கு ரப்பர் ஒட்டி, அதாவது தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஏற்றி, 3,800 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஒட்டின ரப்பர் பாளம் பாளமாக உரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். போட்டோவில் பார்த்தால் ரப்பர் கல்லு மாதிரி அப்படியே இருக்கிறது. பக்கச்சுவர் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து கம்பியெல்லாம் துடைப்பக் குச்சியாய் வெளியே நிற்கிறது. போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். கிழிசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு முட்டைவடிவக் கட்டம், அதற்குள் நான்கு எண்கள்: 3816.

அந்த நான்கு எண் டயர் தயாரான வாரமும் வருடமும். 3816 என்றால் 2016-ஆம் வருடம் 38-ஆவது வாரம். நான் ரப்பர் ஒட்டக் கொடுத்த ஆறு கேசிங்கும் (மேல் ரப்பர் தேய்ந்தபின் மிஞ்சும் டயர் உடம்பு) 2021-இல் புதிதாக வாங்கியவை, ஒன்றுகூட அதற்கு முந்தையது கிடையாது. அதாவது என் வண்டியில் வெடித்தது என் டயரே இல்லை.

இனி நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

பத்து வருடமாக ஒரே இடத்தில்தான் ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் கறார் ஆள், கையில் காசு வைத்தால்தான் டயர் வெளியே வரும். ஆறு கேசிங் கொண்டுபோனால் ஒன்றோ இரண்டோ கழித்துவிடுவார். "இது தேறாதுங்க, தோள்ல காத்து பூந்திருக்கு" என்று, மேல் ரப்பரும் பக்கச்சுவரும் சேரும் இடத்தைக் காட்டி, சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஓரமாய் உருட்டிவிடுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு கடைக்காரர் வந்து சேர்ந்தார். டயருக்கு 500 ரூபாய் குறைவு, இரண்டு மாதம் கடன், வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வோம், திரும்பக் கொண்டுவந்து மாட்டியும் தருவோம் என்றார். கொடுத்தேன். ஆறு போனது, ஆறும் பளபளவென்று கருப்பாக வந்தது. ஒன்றுகூடக் கழியவில்லை. அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான்கு வருடம் இந்த ரோட்டில் ஓடிய ஆறு கேசிங்கில் ஆறும் தேறுவது அபூர்வம். எல்லாம் தேறியது என்று சொல்லும் கடை டயரைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்துவிட்டு நல்லதை எடுத்துக்கொண்டது.

உள்ளே கம்பி பின்னிய ரேடியல் டயரில் விலை மதிப்பே கேசிங்கில்தான் இருக்கிறது. அதிகம் தேய விடாமல் கழற்றிய முதல் ஆயுள் கேசிங் இரண்டு மூன்று தடவை ரப்பர் தாங்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். நான் 3 மில்லிமீட்டரிலேயே கழற்றிவிடுவேன், கேசிங் கெடக் கூடாது என்பதற்காக. அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த கேசிங்கை எடுத்துக்கொண்டு, யாரோ காற்றில்லாமல் நசுக்கி ஓட்டிய ஒன்பது வருடப் பழசில் ரப்பர் ஒட்டி என்னிடமே கூலி வாங்கியிருக்கிறார்கள். இப்படி ரப்பர் ஒட்டுவதற்கு கோல்டு (குளிர்) ரீட்ரேடிங் என்று பெயரே தவிர, சேம்பரில் சுமார் 100 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வேகும். வெந்து வெளியே வந்தால் புதுப் பட்டன் (மேல் ரப்பரில் இருக்கும் கட்டை கட்டையான மேடு), புதுக் கருப்பு. மேலே பார்த்து யாராலும் வயது சொல்ல முடியாது.

வண்டி திரும்பி வந்ததும் ரப்பர் ஒட்டிய மற்ற ஐந்தையும் கழற்றச் சொன்னேன். பஞ்சர் கடைத் தம்பி ஒரு டியூப்பை உருவிவிட்டு டார்ச் அடித்துக் காட்டினான். உள்சுவர் முழுக்கக் கருப்புப் பெயிண்ட். டயருக்கு உள்ளே எதற்கு பெயிண்ட்? விரலால் தேய்த்தால் கையில் ஒட்டுகிறது. தோள் பக்கம் மட்டும் கொஞ்சம் மேடாகத் தெரிந்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பினோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய பேட்ச், ஓரமெல்லாம் விட்டுப்போயிருந்தது. அதுவும் 2016. இன்னொன்று 2017. ஆக, வெடித்ததோடு சேர்த்து மூன்று மாறியிருந்தது. மூன்று என்னுடையதுதான், அதையாவது மிச்சம் வைத்தார்கள்.

ஏன் முன்பே தெரியவில்லை என்று கேட்பீர்கள். வாரம், வருடம் எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கச் சுவரில்தான் இருக்கும். மாறிய மூன்றையும் அந்தப் பக்கம், பின்னால் இரண்டிரண்டாக மாட்டும் ஜோடி டயருக்கு நடுவே மறையும்படி திருப்பி மாட்டியிருந்தார்கள். இலவசமாக மாட்டித் தருகிறோம் என்றார்களே, அந்த இலவசம் இதற்குத்தான்.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. மாற்றி வைத்தது வேறு கம்பெனி கேசிங். அளவு அதே 10.00 ஆர் 20 தான், ஆனால் நூல் பிடித்துச் சுற்றளவு அளந்தால் பக்கத்து டயரைவிட நான்கு சென்டிமீட்டர் குறைவு. ஜோடியில் இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாது. பெரியது பாரம் முழுவதையும் வாங்கும், சின்னது ரோட்டில் இழுபட்டுத் தேயும். என் டயரில் 146/143 என்று போட்டிருக்கிறது. இரண்டாவது எண் ஜோடியாக ஓடும்போது தாங்கும் எடை, 143 என்றால் 2,725 கிலோ. 2018-இல் அச்சு எடையைக் கூட்டியபோது எட்டு டயர் இரட்டை அச்சுக்கு 19 டன்னை 21 டன் ஆக்கினார்கள். 21 டன்னை எட்டால் வகுத்துப் பாருங்கள், ஒரு டயருக்கு 2,625 கிலோ. நூறு கிலோதான் இடைவெளி! பக்கத்து டயர் கொஞ்சம் சோம்பேறியாக இருந்தாலே நல்ல டயர் தன் அளவைத் தாண்டிச் சுமக்கிறது. வெடித்த இடத்தில் பக்கத்தில் இருந்த என் சொந்த டயரும் சூட்டில் தோள் வெந்து போய்விட்டது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போனேன். முதலில் டீ வந்தது. "ஏனுங்கண்ணா, சேம்பர்ல ஏத்தும்போது பசங்க மாத்திட்டாங்களோ என்னவோ. கேசிங் எல்லாம் ஒண்ணுதானுங்களே" என்றார். ஒன்றுதான் என்றால் என்னுடையதைக் கொடுங்கள் என்றேன். அது எந்த வண்டிக்குப் போனதென்று பார்க்க வேண்டும் என்றார். நான்கு நாள் கழித்துப் பேச்சு மாறியது: "நீங்க கொடுத்ததே இதுதானுங்க." நான் கையில் வைத்திருந்த ரசீதில் "கேசிங் - 6" என்று மட்டும் இருக்கிறது. சீரியல் நம்பர் இல்லை, கம்பெனிப் பெயர்கூட இல்லை. புது டயர் வாங்கிய பில்லில் ஒவ்வொரு டயரின் சீரியல் நம்பரும் அச்சடித்தே இருக்கிறது. ஆனால் அது நான் வாங்கியதற்குச் சாட்சி, இவரிடம் கொடுத்ததற்கு இல்லையே. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். நுகர்வோர் வழக்கு என்றால், நீங்களே ஓட்டிப் பிழைக்கிற ஒற்றை வண்டிக்காரர் என்றால் பேசலாம், இரண்டு வண்டி, சம்பளத்துக்கு டிரைவர் என்றால் வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்றார். அப்புறம் அவரும் அந்த ரசீதைத்தான் கேட்டார்.

இதே கடையில் என் மச்சானுக்கு வேறு விதமாக நடந்தது. அவர் ட்ரெய்லர் வைத்திருக்கிறார். ட்ரெய்லர் டயர் வண்டியை இழுப்பதில்லை, சும்மா உருளும். வளைவில் கடைசி அச்சு டயர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகும். அதற்கு ஆழம் குறைந்த, சுற்றிலும் நேர்கோடாய்ப் பள்ளம் ஓடும் லைன் டயர்தான் சரி. இவர்களிடம் அந்த அளவில் லைன் ரப்பர் ஸ்டாக் இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் ஹவுசிங்குக்கு, அதாவது வண்டியை இழுக்கும் பின் அச்சுக்கு, போடும் ஆழமான பட்டனை ஒட்டிவிட்டார்கள். "புடிப்பு நல்லாருக்கும்" என்றார்களாம். எதைப் பிடிக்க? இரண்டே மாதத்தில் பட்டன் ஓரம் பிய்ந்து ரம்பம் மாதிரி ஆகிவிட்டது.

என் பக்கத் தவறையும் மறைக்கவில்லை. கேசிங் வண்டியில் ஏறும்போது நான் கூட நிற்கவில்லை. டிரைவர்மேல் குற்றமில்லை, டோலுக்கு டோல் இறங்கி லீவரால் தட்டித்தான் பார்த்திருக்கிறார், சத்தம் சரியாக இருந்ததாம். தட்டினால் டயர் பஞ்சரா இல்லையா என்று தெரியும். காற்று 120 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 90 இருப்பதை எந்தக் காதும் கேட்காது. இப்போது இரண்டு வண்டியிலும் காற்று அளக்கும் கேஜ் வைத்திருக்கிறேன். காலையில் டயர் சூடாகும் முன்பு பார்க்கச் சொல்கிறேன். மதியம் ஓடி நிற்கும்போது பார்த்தால் அதிகமாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்துவிடுவார்கள்.

பழையபடி அந்தப் பெரியவரிடமே போய்விட்டேன். போன தடவை கொடுத்த நான்கில் ஒன்றைக் கழித்தார், வாயைத் திறக்கவில்லை நான். கேசிங் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்தேன், சீரியல் நம்பரை ரசீதில் அவர் கையாலேயே எழுத வைத்தேன். வண்டி நம்பரின் கடைசி நான்கு எண்ணை இரும்பு அச்சில் காய்ச்சிப் பக்கச்சுவரில் லேசாகச் சூடும் போட்டாயிற்று. லேசாக என்பது முக்கியம், ஆழமாக இறங்கினால் நாமே டயரைக் கெடுத்தது போல. ஒட்டி வந்ததும் மாட்டுவதற்கு முன் உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை, கடைக்காரர் ஆளுடையது இல்லை. முன் டயருக்கு ரப்பர் ஒட்டினதைப் போடுவதே கிடையாது, அது எப்போதும் அப்படித்தான்.

மாறிய மூன்றுக்கும் கூலி தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடைக்காரர் இன்னமும் வாரம் ஒருமுறை போன் செய்து பாக்கியைக் கேட்கிறார்.

என் மூன்று கேசிங் எங்கேயோ யாருடைய வண்டியிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றும் 2021, வாரம் 14 அல்லது 15. அதில் ஒன்றில் உள்ளே, நடு ரப்பருக்குப் பின்னால், ஹொசூரில் ஆணி ஏறியபோது போட்ட காளான் வடிவப் பேட்ச் இருக்கும். சமீபத்தில் சேலம், நாமக்கல் பக்கம் ரப்பர் ஒட்டி வாங்கியவர்கள் அடுத்த முறை டயர் கழற்றும்போது ஒரு தடவை உள்ளே பாருங்கள். அந்தப் பேட்ச் இருந்தால் சொல்லுங்கள். டயரைத் திருப்பிக் கேட்க மாட்டேன், எந்தக் கடை ரசீது என்று மட்டும் தெரிந்தால் போதும்.