விதை எறும்புக்கு எந்தக் கூடு: செங்கல்லா, பாரிஸ் சாந்தா, மண் கண்ணாடியா?

விதை சேர்க்கும் எறும்பை வீட்டில் வளர்க்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது ஈரத்தைப் பற்றி. மற்ற எறும்புகளுக்கு ஈரமான ஒரு மூலை இருந்தால் போதும். விதை எறும்புக்கு ஒரே கூட்டுக்குள் இரண்டு காலநிலை வேண்டும். முட்டையும் புழுவும் கிடக்கிற அறை ஈரமாக இருக்க வேண்டும், விதை அடுக்குகிற அறை காய்ந்து கிடக்க வேண்டும். ஈரம் விதை அறைக்குள் ஏறினால் விதை முளைக்கும், அல்லது பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் வற்றினால் புழுக்கள் சுருங்கிச் சாகும்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பிய வீடுகளுக்கு எழுதப்பட்டவை. வன்னியில் நிலைமை வேறு. வைகாசி தொடக்கம் சோழகம் வீசும் மாதங்களில் தட்டில் வைத்த தண்ணீர் கண் முன்னாலேயே வற்றும். ஐப்பசியில் மாரி பிடித்து வாடைக்காற்றும் சேர்ந்தால் தை வரை துணிகூடக் காயாது. இந்த இரண்டு பருவத்தையும் தாங்குகிற கூடு எது என்பதுதான் இங்கே கேள்வி. அழகு, விலை, படம் எடுக்க வசதி எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் எறும்பு

வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் கொண்டாடும் மெசோர் பார்பரஸ் மத்தியதரைக் கடல் நாடுகளின் எறும்பு. அதற்கு வருடத்தில் இரண்டு மூன்று மாதம் 12 தொடக்கம் 15 பாகை செல்சியஸ் குளிரில் ஓய்வு வேண்டும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் அந்தக் குளிரைக் கொடுக்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம், பிறநாட்டு எறும்பு ஒன்று தப்பி வயலுக்குள் போனால் திரும்பப் பிடிக்க வழியில்லை. கடத்தலும் சிறிய குற்றமல்ல. மெசோர் செபலோட்டஸ் என்ற ஆபிரிக்க விதை எறும்பின் இராணிகளைக் குழாய்களில் அடைத்துக் கொண்டுபோக முயன்ற நால்வருக்கு 2025 இல் கென்ய நீதிமன்றம் ஆளுக்குப் பத்து இலட்சம் கென்ய ஷில்லிங் தண்டம் விதித்தது. இங்கிருந்து எறும்பை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமும் வேண்டாம்.

முற்றத்து எறும்பே போதும். துளையைச் சுற்றி உமியும் கோதும் வட்டமாகக் குவிந்து கிடந்தால் அது விதை தின்னும் கூட்டம். தொடங்குபவருக்கு ஏற்றது ஃபைடோல் பேரினத்து எறும்பு. சின்ன வேலைக்காரிகள் ஏறக்குறைய 2 மி.மீ., அவற்றுக்கிடையே உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையோடு சில நிற்கும். விதையை உடைப்பது அந்தப் பெரிய தலைக்காரிகள்தான். மெரனோப்ளஸ் பைகலர் இன்னொரு தெரிவு. செந்நிற முன்னுடம்பு, கறுத்த வயிறு, உடம்பு முழுக்க மயிர், நடை மெதுவானது, தொட்டால் சுருண்டு செத்தது போலக் கிடக்கும். ஓடித் தப்பும் தொல்லை இதில் குறைவு. ஆனால் கூட்டம் பெருகுவதைப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு ஃபைடோல்தான்.

இராணியைத் தேடி நிலத்தைக் கிண்டாதீர்கள். இராணி ஆழத்தில் இருக்கும், கிண்டினால் பெரும்பாலும் கூடு அழிவதுதான் மிச்சம். வன்னியில் இன்னொரு கட்டாயமும் உண்டு. கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று உறுதியாகத் தெரியாத காணியில் மண்வெட்டி போடவே கூடாது. மாரியின் முதல் மழைகளுக்குப் பிறகு சிறகு கழற்றிவிட்டுத் தரையில் அலையும் இராணியைச் சொந்த முற்றத்திலேயே எடுக்கலாம். சரணாலயங்களிலும் ஒதுக்கக் காடுகளிலும் எடுக்க வேண்டாம்.

சோதனைக் குழாய்: தொடக்கத்துக்கு மட்டும்

இராணி தனியே இருக்கும் காலத்துக்கு இதற்குப் போட்டியே இல்லை. 16 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளம் போதும். மூன்றில் ஒரு பங்குக்குக் கொதித்தாறிய தண்ணீர், அதைத் தொடும்வரை இறுக்கித் தள்ளிய பஞ்சு, பிறகு 5 அல்லது 6 செ.மீ. வெற்றிடம், வாயில் காய்ந்த பஞ்சு. ஃபைடோல் இராணி முதல் வேலைக்காரிகள் வரும்வரை ஒன்றும் தின்னாது. இங்குள்ள வெப்பத்தில் அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம். கறுப்புத் தாளால் சுற்றி, அடிக்கடி தூக்கிப் பார்க்காமல் விட்டால் போதும்.

தகரக் கூரை வீடுகளில் இது பிழையாகப் போவது ஒரே இடத்தில்தான். பஞ்சுக்குப் பின்னால் காற்றுக்குமிழி மாட்டியிருந்தால், மத்தியான வெக்கையில் அந்தக் காற்று விரிந்து தண்ணீரைப் பஞ்சுக்கு வெளியே தள்ளும். இராணி மூழ்கிப்போகும். ஆகவே பஞ்சைக் குமிழி இல்லாமல் தள்ளுங்கள், குழாயை அலுமாரியின் மேல் தட்டில் வைக்காமல் தரையோடு ஒட்டிய தட்டில் வையுங்கள். விதையைக் குழாய்க்குள் போட வேண்டாம். அதற்குள் காய்ந்த மூலை என்று ஒன்று கிடையாது, போட்ட குரக்கன் முளை விட்டுவிடும்.

வேலைக்காரிகள் முப்பது நாற்பது ஆனதும் கூடு மாற்ற நேரம். உண்மையான போட்டி இங்கேதான் தொடங்குகிறது.

பாரிஸ் சாந்து

செய்ய இலகு, ஹாட்வெயார் கடைகளில் தூளாகக் கிடைக்கும். கண்ணாடி மேல் களிமண்ணால் அறைகளின் வடிவத்தை 6 தொடக்கம் 8 மி.மீ. உயரத்தில் ஒட்டி, சுற்றி வரம்பு கட்டி, இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்ற கணக்கில் கரைத்து ஊற்ற வேண்டும். தண்ணீருக்குள் தூளைத் தூவுங்கள். தூளுக்குள் தண்ணீரை ஊற்றினால் கட்டி பிடிக்கும். ஊற்றியதும் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் குமிழி மேலே வரும். அரை மணியில் இறுகிவிடும், ஆனால் உள்ளே காய ஒரு கிழமைக்கு மேல் ஆகும். மாரியில் செய்தால் இன்னும் கூட. கூடு செய்யும் வேலையை ஆவணியிலேயே முடித்துவிடுவது நல்லது.

சோழகக் காலத்தில் சாந்துக் கூடு நன்றாகவே வேலை செய்யும். குறை தெரிவது மாரியில். சாந்து தண்ணீரை ஒரு பக்கத்தில் நிறுத்தி வைக்காது, முழுக் கட்டிக்கும் பரப்பிவிடும். வெளிக்காற்றும் ஈரமாக இருக்கும்போது காய்ந்த பக்கம் என்று ஒன்று மிஞ்சாது. விதை அறைச் சுவரில் முதலில் சாம்பல் நிறப் புள்ளி, பிறகு கறுப்புத் திட்டு. அதோடு நனைந்த சாந்து மென்மையாகும், எறும்பு அதைத் துருவும். கண்ணாடி விளிம்பை ஒட்டி ஒரு சுரங்கம் போய்விட்டால் காலையில் கூடு வெறுமையாகக் கிடக்கும். இறுகிய சாந்து என்பது ஜிப்சம். அது தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் பொருள், லீற்றருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல். அதனால் தண்ணீர் விடும் குழி மாதக்கணக்கில் ஆழமாகிக்கொண்டே போய் ஒருநாள் அறைக்குள் திறக்கும். ஒரு வருடக் கூடு என்று நினைத்துச் செய்தால் ஏமாற்றம் இல்லை.

செங்கல்

வன்னிக்கு எங்கள் தெரிவு இது. ஐரோப்பாவில் காற்றடைத்த கொங்கிறீற்றுக் கல்லைக் குடைந்து கூடு செய்கிறார்கள். சூளையில் ஓரத்தில் இருந்து சரியாக வேகாத நாட்டுச் செங்கல் அந்த வேலையை இங்கே செய்கிறது. வீடு கட்டுபவர் ஒதுக்கி வைக்கும் கல்லே நமக்கு வேண்டிய கல்.

கல்லைத் தெரிய ஆணியால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்து தூள் உதிர வேண்டும். தட்டினால் மணி போல ஒலிக்கும் கல் நன்றாக வெந்தது, குடைய முடியாது. விரலால் தேய்த்தாலே கரைகிற கல்லும் ஆகாது. தேர்ந்த கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி இன்னொரு நாள் விடுங்கள். காய்ந்த பிறகு மேற்பரப்பில் வெள்ளையாக உப்புப் பூத்தால் இன்னும் இரண்டு முறை ஊறவிட வேண்டும். பிறகு சீமெந்துத் தரையில் தண்ணீர் தெளித்து அகலமான முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். கண்ணாடியை வைத்தால் தாள் ஒன்றுகூட நுழையக் கூடாது. ஃபைடோலுக்கு அரை மில்லிமீற்றர் இடைவெளியே வாசல்.

அறைகள் நீளவாக்கில் நான்கு போதும், ஒவ்வொன்றும் 4 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம், 6 தொடக்கம் 8 மி.மீ. ஆழம். துளைக்கருவியைச் சுத்தியல் ஓட்டத்தில் போட்டால் கல் பிளக்கும், வெறும் சுழற்சியில் துளைகளைப் போட்டுவிட்டு இடையில் உள்ளதைச் சிற்றுளியால் சுரண்டுங்கள். அறைகளை இணைக்கும் பாதை 5 மி.மீ. அகலம். ஒரு முனையில், முதல் அறையிலிருந்து 2 செ.மீ. தள்ளி, தண்ணீர் விட ஒரு குழி. மறு முனையில் வெளிமுற்றத்துக்கு, அதாவது எறும்பு வெளியே வந்து தீன் எடுக்கும் பெட்டிக்கு, போகும் குழாய்த் துளை. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். விதை அறை எப்போதும் வாசல் பக்கம், குழந்தை அறை தண்ணீர்ப் பக்கம்.

கண்ணாடியைச் சிலிக்கனால் ஓரங்களில் மட்டும் ஒட்டலாம். பூஞ்சணக்கொல்லி கலந்த குளியலறைச் சிலிக்கன் வேண்டாம். புளித்த மணம் முழுக்கப் போகும்வரை, குறைந்தது இரண்டு நாள், எறும்பை விடக் கூடாது.

செங்கல்லின் பெரிய உதவி, ஈரத்தைக் கண்ணால் அளக்கலாம் என்பது. குழியில் தண்ணீர் விட்டதும் கல் கருஞ்சிவப்பாக மாறிக்கொண்டே முன்னேறும். ஓர் இடத்தில் கோடு போட்டது போல நிற்கும், அதற்கு அப்பால் கல் வெளிறிய செம்மண் நிறத்தில் இருக்கும். அந்தக் கோடு முதல் அறையைத் தாண்டி இரண்டாம் அறையின் நடுவோடு நிற்க வேண்டும். சோழகத்தில் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை 20 தொடக்கம் 30 மி.லீ., மாரியில் கிழமைக்கு 10 மி.லீ. என்று தொடங்குங்கள். கல்லுக்குக் கல் உறிஞ்சும் அளவு வேறு, ஆகவே பிறகு கோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். கோட்டின் எந்தப் பக்கம் புழுக்களைக் கொண்டுபோய் வைக்கின்றன என்பதை எறும்புகளே காட்டும். எல்லாம் வாசல் பக்கம் ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது, குழியோரமாக நெருக்கியடித்தால் போதவில்லை.

குறைகளும் உண்டு. பாரம் அதிகம், படம் எடுக்கப் பின்னணி இருட்டு, ஒருமுறை குடைந்தால் திருத்த முடியாது. வெக்கையைச் சேர்த்து வைக்கும் கல் என்பதால் யன்னல் வெயில் படும் இடத்தில் வைக்கவே கூடாது.

மண் நிரப்பிய கண்ணாடி

எறும்பின் பக்கம் நின்று பார்த்தால் இதுதான் மிகச் சிறந்த கூடு. எந்த ஆழத்தில் விதை, எந்த ஆழத்தில் புழு என்பதை அவையே தீர்மானிக்கின்றன, மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப இடம் மாற்றுகின்றன. இரண்டு கண்ணாடிக்கு நடுவே 8 தொடக்கம் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதற்கு மேல் அகன்றால் நடுவில் தோண்டி மறைந்துகொள்ளும். மூன்று பங்கு மணல், ஒரு பங்கு களித்தன்மையுள்ள செம்மண். இரண்டையும் தாச்சியில் வறுத்து ஆறவிட்டால் உண்ணியும் பூச்சி முட்டையும் அழியும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில் நிரப்ப வேண்டும். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல், அடிவரை போகும் ஒரு மெல்லிய குழாயால் விட வேண்டும்.

வளர்ப்பவர் பக்கம் நின்றால் கதை வேறு. மணல் கூடினால் சோழகத்தில் காய்ந்து சரிந்து சுரங்கம் மூடும். உள்ளே விதை அழுகினாலும் எடுக்க வழியில்லை. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு, ஆராய்ந்து பார்க்க, இதை விடச் சிறந்தது இல்லை. வருடக்கணக்கில் பராமரிக்க நினைப்பவருக்கு இது இரண்டாம் தெரிவு.

அக்ரிலிக் கூட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தெளிவாகத் தெரியும், துடைக்க இலகு. ஆனால் சுவர் ஈரம் குடிக்காது, ஆகவே மாரி இரவுகளில் உள்ளே நீர் முத்து முத்தாகப் படிந்து விதையை நனைக்கும். ஸ்பிரிட்டால் துடைத்தால் நுண்வெடிப்பு விழும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் விதைக்கென்று தனியாக ஒரு காய்ந்த பெட்டியைக் குழாயால் இணையுங்கள்.

தப்பாமல் காக்க: பவுடரா, எண்ணெயா, தண்ணீரா?

வெளிமுற்றப் பெட்டியின் உள் விளிம்பில் டால்க் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்து 4 செ.மீ. பட்டையாகப் பூசுவது சோழகத்தில் நன்றாக நிற்கும். சோளமாவில் செய்த குழந்தைப் பவுடர் இதற்கு உதவாது, பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். மாரியில் பவுடர் ஈரம் பிடித்துப் பிடிமானம் கொடுத்துவிடும். அப்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சுத்தான், அதுவும் வடியாத அளவுக்குத் துணியால் துடைத்து.

இங்கே பெரிய ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. வீட்டுச் சிற்றெறும்பு ஒரு வரிசை பிடித்து வந்தால் இளம் கூட்டம் ஓர் இரவில் முடிந்துவிடும். சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வது போலவே மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சவர்க்காரம் ஒரு துளி விட்டால் எறும்பு மிதந்து கடக்காது. நுளம்பு முட்டையிடும் என்பதால் கிண்ணத்தைக் கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுவது கட்டாயம், டெங்கு விளையாட்டல்ல.

விதை

குரக்கன், சாமை, தினை, புல் விதை எல்லாம் ஏற்கும். ஃபைடோலுக்குக் குரக்கன் அளவே சரி. எள்ளு எண்ணெய் கூடியது, விரைவில் சிக்கு மணக்கும், ஆகவே கிழமைக்கு ஐந்தாறு மணி மட்டும். நெல்லை அப்படியே போடாமல் குறுணலாகக் கொடுங்கள். மருந்து தடவிய விதைநெல்லும் மருந்தடித்த வரம்போரப் புல்லும் வேண்டவே வேண்டாம், கூட்டம் மொத்தமாகச் சாகும். கொடுக்கும் விதையைச் சுளகில் புடைத்து, மூன்று நாள் உறைகுளிரில் வைத்து எடுத்தால் அந்தும் உண்ணியும் சாகும். புழு வளர விதை மட்டும் போதாது. கிழமைக்கு இரண்டு முறை கறையானோ சின்னப் பாச்சானோ சுடுநீரில் அமிழ்த்திக் கொன்று கொடுங்கள், மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள்.

குழாயிலிருந்து செங்கல்லுக்கு மாற்றும்போது கொட்டாதீர்கள். குழாயின் வாயை வெளிமுற்றத்தில் வைத்து, அதன் கறுப்புத் தாளைக் கழற்றி, செங்கல் கண்ணாடியை இருட்டாக மூடிவிடுங்கள். தண்ணீர்க் குழியை முதல் நாளே நனைத்திருக்க வேண்டும். சில கூட்டம் அன்றிரவே மாறும், சில கூட்டம் குழாய்த் தண்ணீர் வற்றும்வரை அசையாது. அசையாததைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சாப்பாட்டை வெளிமுற்றத்தில் வைத்துக்கொண்டே இருங்கள். ஐம்பதுக்குக் குறைந்த கூட்டத்துக்கு நான்கு அறையும் திறக்கக் கூடாது. வாசலுக்கு அடுத்த இரண்டு அறையின் பாதையைப் பஞ்சால் அடைப்பது பிழை, அப்போது ஈரமான அறைக்குப் போகும் வழியே அடைபடும். நடு அறைகள் இரண்டையும் நனைந்த களிமண்ணால் நிரப்பி, அதில் ஒரு குச்சியால் துளையிட்டுப் பாதை மட்டும் விடுங்கள். கூட்டம் பெருகும்போது அவையே அந்தக் களிமண்ணைக் கொத்திக் கொத்தி வெளிமுற்றத்தில் கொண்டுவந்து கொட்டும்.