உலோக சல்ஃபைடு கொத்துகளும் லேசர் நிறைமானியும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கரையாத சல்ஃபைடு தூளை என்ன செய்வது என்று தவிப்பவர்களுக்கு லேசர் அயனியாக்க நிறைமானியை, அதாவது லேசரால் பொருளை அயனிகளாக எழுப்பி அவற்றின் நிறையை அளக்கும் கருவியை, தயங்காமல் சொல்வேன். பல ஆண்டுகளாக இதில்தான் வேலை செய்கிறேன். தூளை உலோகத் தட்டில் மெல்லிதாகப் பூசி உள்ளே வைத்தால் போதும். சல்ஃபைடுகளில் பலவும் புற ஊதா ஒளியைத் தாமே உறிஞ்சுவதால் மேட்ரிக்ஸ் (லேசர் ஒளியை உறிஞ்சி அயனியாக்கத்துக்கு உதவும் துணைப்பொருள்) தேவையில்லை. பூச்சு தடித்துவிட்டால் மட்டும் மின்னூட்டம் தேங்கி, வரைபடத்தில் அயனிகளின் நிறையைக் காட்டும் முகடுகள் இடம் நகரும்.

லேசரின் அலைநீளம் முக்கியம். எங்களுடையது 355 நானோமீட்டர், அதாவது ஃபோட்டானுக்கு 3.49 எலக்ட்ரான் வோல்ட். காட்மியம் சல்ஃபைடின் பட்டை இடைவெளி (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) சுமார் 2.4 என்பதால் அது எளிதில் அயனிகளைத் தரும். துத்தநாக சல்ஃபைடுக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 3.6, அங்கே லேசரின் செறிவைக் கூட்டியே ஆக வேண்டும். இதற்கு 337 நானோமீட்டர் நைட்ரஜன் லேசர் இன்னும் பொருத்தம்.

அளவுத்திருத்தத்துக்குச் சிவப்புப் பாஸ்பரஸ் அருமையானது. பாஸ்பரஸுக்கு ஒரே நிலையான ஐசோடோப்புதான்; 31 அலகு இடைவெளியில் முகடுகள் வரிசையாக நிற்கும், நேர், எதிர் அயனி இரண்டிலும்.

உண்மையான சிக்கல் முகடுகளுக்குப் பெயரிடுவதில் இருக்கிறது. சில அணுக்கள் சேர்ந்த சிறு தொகுதியான கொத்தில் கூடியது ஒரு துத்தநாகமா, இரண்டு கந்தகமா என்று நிறையை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். துத்தநாகம்-64இன் நிறை 63.929, இரண்டு கந்தக அணுக்களின் நிறை 63.944. வித்தியாசம் வெறும் 0.015. நிறை 1000 அருகே இவற்றைப் பிரிக்க 60,000க்கு மேல் பிரிதிறன் (நிறையை நிறை வித்தியாசத்தால் வகுத்த எண்) வேண்டும். அயனிகள் பறக்கும் நேரத்தைக் கொண்டு நிறையை அளக்கும் எங்கள் பறப்பு நேரக் கருவிக்கு அது எட்டாது. ஆகவே ஐசோடோப்பு வடிவத்தைத்தான் நம்புகிறேன். கந்தகத்தில் 95 விழுக்காடு ஒரே ஐசோடோப்பு; துத்தநாகமோ 64, 66, 67, 68, 70 எனப் பரந்தது. ஒரு துத்தநாகம் கூடினாலே முகட்டுக் கூட்டம் அகன்று மேலே நகரும். கணக்கிட்ட வடிவத்தை அளந்ததன் மேல் வைத்துப் பார்க்காமல் எந்த முகட்டுக்கும் நான் பெயர் எழுதுவதில்லை.

13 துத்தநாகமும் 13 கந்தகமும் கொண்ட கொத்தின் முகடு 1267 அருகே அக்கம்பக்கத்து முகடுகளை மீறி எழுவதைப் பார்க்கும்போது இன்றும் மனம் குதிக்கிறது. ஆனால் அந்தக் கொத்து தூளிலேயே இருந்ததா, லேசர் எழுப்பிய ஆவியில் பிறந்ததா? இதற்கு எளிய சோதனை உண்டு. தனித்தனியே தயாரித்த துத்தநாக, காட்மியம் சல்ஃபைடு தூள்களைச் சூடாக்காமல் கலந்து தட்டில் வையுங்கள். இரு உலோகமும் சேர்ந்த கொத்துகள் தென்பட்டால், அவை ஆவியில் உருவானவை.

குடுவையிலேயே உருவாக்கிய கொத்துகளுக்கு நடைமுறை வேறு. 25 தங்க அணுக்களும் 18 தயோலேட்டுகளும் (கந்தகம் வழியாகத் தங்கத்தோடு ஒட்டும் கரிமக் குழுக்கள்) கொண்ட கொத்தை மேட்ரிக்ஸ் இல்லாமல் சுட்டால் கார்பன்-கந்தகப் பிணைப்புகள் அறுந்து தங்க சல்ஃபைடு அயனிகளே மிஞ்சும். அதற்கு மட்டும் மேட்ரிக்ஸ் சேர்த்து, அயனி எழத் தொடங்கும் எல்லையை ஒட்டியே லேசரை வைக்கிறேன். சற்றே ஏற்றினாலும் நான்கு தங்கமும் நான்கு தயோலேட்டும் கழன்று, 21 தங்கம் கொண்ட துண்டின் முகடு உயரத் தொடங்கிவிடும்.